பதினொரு கெஜம்

ஏழாம் குழிக்கான டீ மேடையை
மார்ச்சில் நான்தான் முன்னே நகர்த்தினேன்.
வடிகால் குழாய் வெடித்துப்
பழைய மேடை சேறாகிக் கிடந்தது.
இரண்டு வெள்ளைக் கட்டைகளைப் பிடுங்கி
நாடா பிடித்து அளந்து
பதினொரு கெஜம் தள்ளி நட்டேன்.
அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்க வேண்டும்.
அன்று மழை. கெய்த்னெஸ் மழை,
கீழிருந்தும் பெய்யும்.

ஏப்ரலில் டார்க்வில் புது மட்டை வாங்கினான்.
ஐந்நூற்று நாற்பது பவுண்டு.
முகத்தில் கார்பன், வயிற்றில் நகரும் எடை,
தலைக்கு வெல்வெட் குல்லாய் வேறு.
பந்தும் புதிது. அதன் ஒவ்வொரு பள்ளத்தையும்
கணினி யோசித்து வைத்ததாம்.

சனிக்கிழமை, ஏழாவதில், அடித்தான்.
தூரமானியைக் கண்ணில் வைத்துக்
கொடிக்கு மிச்சம் எவ்வளவென்று பார்த்தான்.
இருபது வருடமாக நூற்று அறுபது.
அன்று நூற்று நாற்பத்தொன்பது.

மதுக்கூடத்தில் எல்லோருக்கும் அவன் செலவு.
என் கோப்பையும் நிறைந்தது.
குடித்தேன்.
நுரையைத் துடைத்துக்கொண்டேன்.
வாயை அல்ல என்று சொன்னால் பொய்,
சொல்ல வந்ததையும் சேர்த்துத்தான்.

அவன் மச்சான் எர்ச்சி, படகு இன்ஜினியர்,
இரும்பு மட்டை ஒன்றை விளக்கடியில் திருப்பினான்:
"ஏழு என்று பொறித்திருக்கிறார்கள்.
சாய்வைப் பார், எங்கள் நாளில் இதன் பெயர் ஐந்து.
எண்ணை மாற்றினால் தூரம் கூடுமென்றால்
என் வயதையும் அங்கே கொடுத்து
நாற்பது என்று பொறித்து வாங்கி வா."
டார்க்வில் சிரிக்கவில்லை.
அவனுக்கு அறுபத்து மூன்று. வலது முழங்கால்
போன குளிர்காலத்தில்தான் புதிது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
சரி. ஆட்டம் அதேதான்,
கூடம் நிமிர்ந்துவிட்டது என்று
குதிப்பவனுக்கு என்ன பழமொழி?

நான் சும்மா சொல்லவில்லை, சோதித்தேன்.
மே மாத மாலை, ஆளில்லை.
அவன் பழைய மட்டை
சிறுவர் பீப்பாயில் குடைகளோடு கிடந்தது.
புதியதைத் திருடவில்லை, அவன் அறையின் சாவி
என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதான்.
அதில் பத்து, இதில் பத்து.
உரம் தூவ அளக்கும் அதே நாடா.
புதியது ஆறு முறை முந்தியது, நான்கு முறை பிந்தியது.
சராசரி நாலு கெஜம்.
மூன்று செம்மறிகள் வரிசையாகப் படுத்த நீளம்.
பொய்யில்லை. கூடத்தான் செய்கிறது.
பிறகு காற்று மேற்கே திரும்பியது,
இரண்டு மட்டைக்கும் முப்பது கெஜம் இனாம்.
பிறகு கடல்மூடுபனி ஏறியது,
கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டது.
பந்து எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை.

ஜூனில் குழாய் சரியானது, புல் பிடித்தது.
கட்டைகளைப் பின்னே கொண்டுபோக வேண்டும்.
வியாழன் இரவு சுத்தியலோடு போனேன்.
இங்கே ஜூன் இரவு இருட்டாது,
திருடனுக்கு ஆகாத ஊர்.
டார்க்வில் இப்போது நடக்கும் விதம் நினைவு வந்தது.
அடிக்குமுன் பல்லைக் கடிப்பதில்லை.
தோளைப் பந்தின்மேல் எறிவதில்லை.
மட்டை பார்த்துக்கொள்ளும் என்று
சும்மா சுற்றுகிறான், தளர்வாக,
துணி உதறுகிறவனைப் போல.

ஒரு கெஜம் மட்டும் நகர்த்தினேன்.
அடுத்த வியாழன் இன்னொன்று.

பதினொரு வாரம்.
ஆகஸ்ட் முடிவில் கட்டைகள்
பிறந்த இடத்தில் நின்றன.
அந்தச் சனிக்கிழமை தூரமானி சொன்னது:
நூற்று ஐம்பத்து மூன்று.

நாலு செம்மறிக்கு மேல்
யாருடையது அந்த மிச்சம்?
மட்டையா, முழங்காலா, கடிக்காத பல்லா?
நாடாவைச் சுருட்டி எடுத்துவிட்டேன்.

அவனோ முகம் தொங்க வந்தான்.
"மட்டை செத்துப்போச்சு, நாலு கெஜம் போச்சு."
முகத்துக்கும் ஆயுள் உண்டென்று
கடைக்காரன் சொன்னானாம்.
செப்டம்பரில் புது மாடல், அறுநூறு.

எட்டாம் குழிப் பக்கம்
வடிகால் லேசாகக் கசிவதாக
எனக்குத் தோன்றுகிறது.